கொல்லைக் குளத்தின் மூச்சு

வீட்டுக் கொல்லையில் சிறு குளம் ஒன்று அமைத்துப் பேணும் வழக்கம் நம் குடும்பங்களிடையே மெல்லப் பரவி வருகின்றது. துணி துவைப்பதற்கெனக் கட்டிப் பின்னர் பயனற்றுப்போன சிமெண்டுத் தொட்டியே பல வீடுகளில் குளமாக மாறிவிடுகின்றது. அதில் ஓர் அல்லிக் கிழங்கை ஊன்றி, வண்ண மீன்கள் நான்கைந்தை வாங்கி விட்டுவிட்டால், மாலை வேளையில் பிள்ளைகள் தொலைக்காட்சியை மறந்து அதன் கரையில் அமர்ந்துவிடுகின்றனர். பெரியவர்களுக்கும் அது ஓர் ஆறுதல்.

ஆயினும், இல்லங்களைச் சந்திக்கச் செல்லுமிடங்களில் ஒரு முறையீடு அடிக்கடி என் செவியில் விழுகின்றது. “சாமி, ராத்திரி நல்லா ஓடிக்கிட்டிருந்த மீனெல்லாம் காலையில மல்லாந்து கிடக்குது!” என்பர். கண்ணேறு பட்டது என்பார் ஒருவர். தண்ணீரில் எவரோ எதையோ கலந்துவிட்டனர் என்பார் மற்றொருவர். இத்தகைய ஐயம் ஒன்றினாலேயே, சுவரை ஒட்டி வாழ்ந்த இரு குடும்பங்கள் ஓராண்டுக் காலம் பேச்சற்றுப் போனதை நான் அறிவேன். மீன் செத்த காரணமோ மிக எளியது. விடியற்காலையில் அவற்றுக்கு மூச்சு விடப் பிராணவாயு இல்லாமற்போயிற்று, அவ்வளவே. அடுத்த வீட்டார் ஒரு குற்றமும் அறியார்.

அந்த மூச்சைக் குளத்துக்கு வழங்குபவையாகச் சொல்லப்படும் நீரடிச் செடிகளைப் பற்றியே இக்கட்டுரை. அவற்றுள் எவற்றைத் தெரிந்துகொள்ளலாம், எவற்றை வீட்டு வாயிலுக்குள்ளேயே சேர்க்கலாகாது, எவ்வாறு நடுவது என்பவற்றைக் கூறுமுன், தண்ணீருக்குள் நிகழ்வது என்னவென்று சற்றே காண்போம். அதை அறியாமல் செடியை மட்டும் வாங்கி நடுவதால் பயனில்லை.

தண்ணீரும் காற்றும்

நாம் இழுக்கும் காற்றில் ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. தண்ணீரிலோ, 20 பாகை செல்சியசு வெப்பத்தில், ஒரு லிட்டருக்கு 9 மில்லிகிராம் அளவே கரைந்திருக்க முடியும். நம் நாட்டு வெயிலில் தண்ணீர் 30 பாகைக்கு ஏறிவிட்டாலோ, அது ஏழரை மில்லிகிராமாகக் குறைந்துவிடும். அதாவது, நமக்குக் கிட்டுவதில் முப்பதில் ஒரு பங்கிற்கும் குறைவான பிராணவாயுவை வைத்துக்கொண்டு மீன் வாழ்கின்றது. வெப்பம் ஏற ஏற மீனின் தேவையோ மிகுகின்றது, இருப்போ குறைகின்றது. கோடையில் மீன்கள் தத்தளிப்பதற்கு இந்த இரட்டை நெருக்கடியே காரணம்.

இந்தச் சிறு இருப்பு மூன்று வழிகளில் நிரம்புகின்றது. நீர்ப்பரப்பின் மீது காற்று படுவதால் சிறிது கரைகின்றது. மழைத்துளியோ குழாய் நீரோ மேலிருந்து விழுவதால் சிறிது கலக்கின்றது. பகலில் நீரடிச் செடிகளும் பாசியும் சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும்போது வெளிவிடுவது மூன்றாவது. நம் பிள்ளைகள் பள்ளிக்கூட ஆய்வுக்கூடத்தில், கண்ணாடிக் குவளைக்குள் ஹைட்ரில்லாச் செடியை வைத்துப் புனலால் மூடி, மேலே சோதனைக் குழாயைக் கவிழ்த்து வெயிலில் வைப்பார்களே, அந்தக் குழாயின் உச்சியில் குமிழி குமிழியாகச் சேர்வது இப்பிராணவாயுவே.

இந்தச் சோதனையின் மூலவர் யான் இங்கன்ஹூஸ் என்னும் டச்சு மருத்துவர். வியன்னா அரச குடும்பத்தாருக்கு அம்மைப்பால் வைத்துப் புகழ்பெற்ற அவர், 1779-ஆம் ஆண்டுக் கோடையில் லண்டனுக்கு அருகே ஒரு கிராமத்து வீட்டில் தங்கி, இலைகளைத் தண்ணீரில் அமிழ்த்தி ஐந்நூறுக்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்தார். அவருக்கு எட்டாண்டு முன்னரே, 1771-இல், ஆங்கில நாட்டுச் சமய போதகர் ஜோசப் பிரீஸ்ட்லி, மெழுகுதிரி எரிந்து அணைந்துபோன காற்றைப் புதினாச் செடி மீண்டும் தூய்மையாக்குவதைக் கண்டிருந்தார். ஆனால் சில வேளை அது தூய்மையாக்கிற்று, சில வேளை ஆக்கவில்லை. இந்த முரண்பாட்டை அவிழ்த்தவர் இங்கன்ஹூஸ். வெயில் இருந்தால்தான் செடி காற்றைத் தூய்மையாக்கும். நிழலிலும் இரவிலும் அதுவே காற்றைக் கெடுக்கும் என்று அவர் நிறுவினார். தம் நூலின் நீண்ட தலைப்பிலேயே இவ்விரு பாதிகளையும் சேர்த்து எழுதிவிட்டார். பின்னர் 1782-இல், இப்பணிக்குக் கரியமிலவாயு வேண்டும் என்பதைக் காட்டியவர் ஜெனீவா நகரத்துப் போதகர் ஜான் செனெபியே. மூவருள் இருவர் சமயப் பணியாளராயிருந்தது எனக்குச் சற்றே மகிழ்ச்சி தருவதை மறைப்பானேன்?

இங்கன்ஹூஸ் தலைப்பின் இரண்டாம் பாதியைத்தான் நம்மவர் மறந்துவிடுகின்றனர். செடி விற்போர் “இது ஆக்சிஜன் தரும் செடி” என்று சொல்லி விற்கின்றனர். வாங்குவோர், மிகுதியாக நட்டால் மிகுதியான ஆக்சிஜன் கிடைக்கும் என்று எண்ணித் தொட்டி முழுவதையும் நிரப்பிவிடுகின்றனர். பகலெல்லாம் குமிழி எழும், காண்பதற்கு இனிமையாயிருக்கும். அக்குமிழிகளில் பெரும் பங்கு தண்ணீரில் கரையாமல் மேலே ஏறி வானத்தில் கலந்துவிடுகின்றது என்பதை எவரும் எண்ணுவதில்லை. சூரியன் மறைந்ததும் செடி கொடுப்பதை நிறுத்துகின்றது, வாங்குவதை நிறுத்துவதில்லை. செடி, பாசி, மீன், நத்தை, அடியில் மட்கும் சருகு ஆகிய அனைத்தும் இரவு முழுவதும் ஒரே இருப்பிலிருந்து எடுக்கின்றன. ஆகவே பிராணவாயு உச்சத்தில் நிற்பது பிற்பகலில். அடிமட்டத்தில் கிடப்பது சூரியோதயத்துக்குச் சற்று முன். மீன்கள் மல்லாந்து கிடக்கக் காண்பது எப்போதும் காலையில்தான் என்பதற்கு இதுவே விளக்கம்.

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மூன்று நான்கு நாள் தொடர்ந்து வானம் மூடிக்கிடந்தால் நிலைமை இன்னும் மோசமாகும். பகலிலும் செடி சம்பாதிக்கவில்லை; இரவுச் செலவோ நின்றபாடில்லை. நான் மேலே சொன்ன இரு குடும்பங்களின் மனத்தாங்கலும் அத்தகைய அடைமழைக் காலத்தில்தான் மூண்டது.

அப்படியாயின் செடியே வேண்டாமா என்று கேட்கலாம். கட்டாயம் வேண்டும். பிராணவாயு தருவதைவிட, அவை செய்யும் வேறு பணிகள் எனக்குப் பெரியனவாகத் தோன்றுகின்றன. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய இரையிலிருந்தும் நீரில் சேரும் உரச்சத்தை அவை உறிஞ்சிக்கொள்வதால், தண்ணீரைப் பச்சைக் குழம்பாக்கும் நுண்பாசிக்கு உணவு இல்லாமற்போகின்றது. குஞ்சு மீன்களுக்கு அவை ஒளிவிடமாகின்றன. நீரைத் தெளியவைக்கும் நுண்ணுயிர்கள் அவற்றின் இலைகளின்மேல் படிந்து வாழ்கின்றன. லண்டன் வேதியியலர் ராபர்ட் வாரிங்டன் 1849-இல் 12 காலன் கொள்ளும் கண்ணாடித் தொட்டியில் இரு தங்கமீன்களையும் வாலிஸ்நேரியாச் செடியையும் வைத்து, நீரை மாற்றாமலே அவற்றை வாழவைக்க முயன்றார். முதலில் அழுகிய இலைகளால் தண்ணீர் கலங்கிற்று. அவ்விலைகளைத் தின்னும் குளத்து நத்தைகள் சிலவற்றைச் சேர்த்தபின் தண்ணீர் தெளிந்தது, சமநிலை அமைந்தது. செடி மட்டும் போதாது, துப்புரவாளரும் வேண்டும் என்னும் இவ்வுண்மையை அவர் மறு ஆண்டு அறிஞர் மன்றத்தில் வாசித்தார். நம் கொல்லைத் தொட்டிக்கும் அதே கணக்குத்தான்.

எந்தச் செடி?

நம் ஏரி குளங்களிலும் காவிரிப் பாசன வாய்க்கால்களிலும் நீருக்கடியில் வளரும் எல்லாவற்றையும் பொதுவாகப் “பாசி” என்றே மக்கள் சொல்லிவிடுகின்றனர். எனவே பெயரைக் கேட்டு வாங்குவதைவிட உருவத்தைக் கண்டு தெரிந்துகொள்வதே நல்லது.

முதலாவது ஹைட்ரில்லா. மெல்லிய தண்டில் கணுவுக்கு நான்கு முதல் எட்டு வரை சிறு இலைகள் வட்டமாகச் சூழ்ந்திருக்கும். இலையின் ஓரத்தை விரல்களிடையே வைத்து இழுத்தால் அரம் போல் சொரசொரக்கும். வண்ணமீன் கடைகளில் இதைப் போன்றே தோன்றும் எகேரியா என்னும் தென்னமெரிக்கச் செடியும் விற்கப்படுகின்றது. அதன் இலை வழவழப்பாகவும் சற்றுப் பெரிதாகவும் இருக்கும். ஹைட்ரில்லா நம் மண்ணுக்குரியது. கடின நீர், மங்கிய வெளிச்சம், வெப்பம் எல்லாவற்றையும் தாங்கும். நீரில் கரிவளி குறைந்துபோனாலும் அதில் கரைந்துள்ள பைகார்பனேட்டிலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளும். புதிதாய்க் குளம் அமைப்பவர்களுக்கு இதைவிட எளிய செடி இல்லை.

அதன் வலிமையே அதன் குறையும் ஆகும். தண்டின் ஒரு கணுத் துண்டு விழுந்தாலும் வேர்விடும்; சேற்றுக்குள் பட்டாணி அளவில் சிறு கிழங்குகளை உண்டாக்கிப் பல ஆண்டுகள் உறங்கிக் கிடக்கும். 1950-களின் தொடக்கத்தில் வண்ணமீன் வணிகத்துக்கென்று இலங்கையிலிருந்து அமெரிக்காவின் புளோரிடாவுக்குச் சென்ற இச்செடி, பத்தாண்டுகளுக்குள் அங்குள்ள ஆறுகளிலும் கால்வாய்களிலும் பரவிவிட்டது. அதை அகற்ற அம்மாநிலம் ஆண்டுதோறும் பெரும் பொருள் செலவிட நேர்ந்தது. இங்கே அது நம் ஊர்ச் செடியே. ஆயினும் தொட்டிக்குள் அடக்கி வைக்க வேண்டிய செடி.

இரண்டாவது வாலிஸ்நேரியா. அடியிலிருந்து நாடா நாடாவாக நீண்ட இலைகள் எழுந்து, நீரோட்டத்தில் அசைந்தாடும். இது தாறுமாறாகக் கிளைப்பதில்லை. மண்ணுக்குள் ஓடுதண்டு விட்டுப் பக்கத்தில் பிள்ளைச் செடிகளை ஈனும். ஹைட்ரில்லாவைப் போல் விரைவாகக் குளத்தை அடைக்காது. என் மனத்துக்கு உகந்தது இதுவே. காரணம், இதன் மணவாழ்வு. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. பெண் மலர் நூல் போன்ற நீண்ட காம்பில் ஏறி வந்து நீர்ப்பரப்பில் விரிகின்றது. ஆண் மலர்களோ குண்டூசித் தலையினும் சிறியவை. அவை நீருக்கடியில் மொட்டாகவே செடியை விட்டுக் கழன்று, மேலே மிதந்து வந்து விரிந்து, காற்று தள்ளிய திசையில் சிறு ஓடங்கள் போல் நகர்கின்றன. பெண் மலரின் பாரத்தால் அதைச் சுற்றி நீர்ப்பரப்பு சற்றே குழிந்திருக்கும். அருகில் வரும் ஓடங்கள் அக்குழிவில் சறுக்கி அதன்மேல் சாய்ந்துவிடுகின்றன. மகரந்தம் சேர்ந்தபின், நீண்ட காம்பு கம்பிச்சுருள் போல் சுருண்டு, மலரை அடியாழத்துக்கு இழுத்துக்கொள்கின்றது. அங்கே கனி முதிர்கின்றது. பள்ளி மாணவர் தாவரவியல் நூலில் நான்கு வரியில் படித்துத் தேர்வெழுதிவிட்டு மறக்கும் இந்நிகழ்ச்சியைக் கொல்லைத் தொட்டியில் கண்ணால் காணலாம். ஆணும் பெண்ணும் கலந்து கிடைக்க வேண்டுமாயின், ஒரே செடியின் பிள்ளைகளை வாங்காமல் இரண்டு மூன்று இடங்களிலிருந்து சேகரிக்க வேண்டும்.

செரட்டோபில்லம் மூன்றாவது. நரியின் வால் போல் அடர்ந்து, இலைகள் கவைகவையாகப் பிளந்திருக்கும். இதற்கு வேரே கிடையாது. நட வேண்டியதும் இல்லை, தண்ணீரில் போட்டாலே போதும். உரச்சத்தை நீரிலிருந்து நேரே உறிஞ்சுவதால், பச்சைத் தண்ணீரைத் தெளியவைப்பதில் இதற்கு இணை அரிது. கப்பி மீன் குஞ்சுகள் ஒளிந்துகொள்ளவும் ஏற்றது. ஆனால் அடிக்கடி அள்ளிக் குறைக்கும் கை வேண்டும்.

கிணற்று நீர் மிகக் கடினமாயிருக்கும் இடங்களில் காரா என்னும் பாசி தானாகவே வந்து சேரும். தொட்டால் சுண்ணாம்பு பூத்தாற்போல் மொரமொரக்கும். கசக்கினால் பூண்டு நாற்றம் வீசும். அதை வெறுத்து எறிய வேண்டியதில்லை. நீர் தெளிவாயிருப்பதற்கு அது ஓர் அடையாளம்.

கொட்டிக்கிழங்கும் அல்லியும் நீரடிச் செடிகள் அல்ல. அவற்றின் இலைகள் மிதப்பவை. எனினும் வெயிலின் கடுமையைத் தணித்து நீரைக் குளிர்ச்சியாய் வைப்பதால் ஒன்றிரண்டு இருப்பது நலம். குளம் வற்றியபோதும் பறவைகளைப் போல் பறந்துவிடாமல் கூடவே கிடப்பவை என்று மூதுரையில் ஔவையார் உறவுக்கு உவமை காட்டியவை இவ்வினத்தவைதாம். கிழங்கு சேற்றிலேயே தங்கிவிடுவதால் அவ்வுவமை தாவரவியலுக்கும் பொருந்தி நிற்கின்றது.

சேர்க்கலாகாதவை

ஊதாப் பூவோடு மிதக்கும் வெங்காயத்தாமரையை எவரும் அறிவர். செய்தித்தாள்கள் அதையே ஆகாயத்தாமரை என்றும் எழுதுகின்றன. உண்மையில் ஆகாயத்தாமரை என்று முன்னோர் சொன்னது, முட்டைக்கோசு போல் இலைகள் குவிந்து மிதக்கும் வேறொரு செடியை. இரண்டும் நீர்ப்பரப்பை மூடி, ஒளியையும் காற்றையும் தடுத்துவிடும். இரண்டையும் தொட்டியில் விடாதீர்கள்.

ஆகாயத்தாமரையிடம் மற்றொரு தீங்கும் உண்டு. மான்சோனியா என்னும் கொசுவின் புழுக்கள், மற்றக் கொசுப்புழுக்களைப் போல் மூச்சுவிட நீர்ப்பரப்புக்கு வருவதில்லை. இச்செடியின் வேரைத் தம் மூச்சுக்குழலால் துளைத்து, வேருக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக்கொள்கின்றன. ஆகையால் அவை எவர் கண்ணிலும் படுவதில்லை. கேரளத்துச் சேர்த்தலை வட்டாரத்தில் யானைக்கால் நோயைப் பரப்பி வந்தது இக்கொசுவே. தேங்காய் மட்டை ஊறவைக்கும் குட்டைகளிலும் வீட்டுக் குளங்களிலும் இச்செடி மண்டிக்கிடந்தது. புதுச்சேரியிலுள்ள நோய்க்கடத்திகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையத்தார் 1980-களின் பிற்பகுதியில் ஊர் மக்களையே திரட்டி, செடிகளை அகற்றி, அக்குளங்களில் மீன் வளர்க்க வழிசெய்து நோயைக் கட்டுப்படுத்தினர். ஒரு செடியைக் குளத்தில் விடுவதும் விடாமலிருப்பதும் ஒருவர் காலைக் காக்கும் செய்தியாக முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கபோம்பா என்னும் செடி கடைகளில் அழகிய விசிறி இலைகளோடு விற்கப்படுகின்றது. இதுவும் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. 2020-ஆம் ஆண்டு நவம்பரில் கோழிக்கோடு மாவட்டத்து ஆவளப்பாண்டியில் இவ்வினச் செடியொன்று நீரோடை முழுவதும் இளஞ்சிவப்பாகப் பூத்தபோது, காண வந்த கூட்டத்தார் பலர் பிடுங்கி வீட்டுக்கும் எடுத்துச் சென்றனர். தாவரவியலார் பதறிப்போய் எச்சரித்தனர். வீட்டுத் தொட்டியிலிருந்து வடிகாலுக்கும், வடிகாலிலிருந்து வயல் வாய்க்காலுக்கும் அது சென்று சேர ஒரு பெருமழை போதும்.

நடும் முறை

ஆறடி நீளம், நான்கடி அகலம், இரண்டரை அடி ஆழம் உள்ள தொட்டி ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது ஏறத்தாழ 1,700 லிட்டர் கொள்ளும். புதிதாய்ப் பூசிய சிமெண்டாயின் அதிலிருந்து கசியும் சுண்ணாம்பு செடியையும் மீனையும் கொன்றுவிடும். எனவே நீர் நிரப்பி, ஒரு வாரம் ஊறவிட்டு, வடித்துவிட வேண்டும். இவ்வாறு மூன்று நான்கு முறை செய்க. நகராட்சிக் குழாய் நீரானால், குளோரின் நீங்கும்படி ஓரிரு நாள் வெயிலில் நிற்கவிட்ட பின்னரே உயிர்களை விடுக. நாள்தோறும் நான்கு முதல் ஆறு மணி நேரம் வெயில் படும் இடமாயிருப்பது நன்று. மரத்தடி வேண்டாம், உதிரும் சருகே குளத்துக்குப் பகையாகும்.

செடியைத் தொட்டியின் தரையில் நேராக நடுவதைவிட, வாய் அகன்ற மண்சட்டிகளில் நட்டு இறக்குவது மேல். அளவு மீறி வளரும்போது சட்டியோடு தூக்கிவிடலாம். சட்டியில் வயல் மண்ணோ ஏரி வண்டலோ முக்கால் பங்கு இடுக. சாணமும் தொழுவுரமும் அறவே கூடாது. தோட்டச் செடிக்கு அமுதாகும் உரம் குளத்துக்கு நஞ்சாகி, ஒரு வாரத்தில் தண்ணீரைப் பச்சையாக்கிவிடும். மண்ணின்மேல் கழுவிய மணலோ கூழாங்கல்லோ ஓர் அங்குலம் பரப்பினால் மண் கரைந்து கலங்காது, மீனும் கிளறாது.

ஹைட்ரில்லாவின் நுனித் தண்டுகளை ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கி, அடியிலுள்ள இலைகளை உருவிவிட்டு, ஐந்தாறு தண்டுகளை ஒரு கொத்தாக வாழைநாரால் தளர்வாகக் கட்டி நடுக. செடி வேர்விடுவதற்குள் நார் மட்கிப்போவதால் தண்டு அறுபடாது. கடைகளில் கொத்தின் அடியில் சுற்றித்தரும் ஈயத்தகட்டை நான் விரும்புவதில்லை. வாலிஸ்நேரியாவை நடும்போது, இலைகள் புறப்படும் கழுத்துப் பகுதி மண்ணுக்கு மேலே நிற்க வேண்டும், புதைத்துவிட்டால் அழுகும். இரண்டு சதுர அடி நீர்ப்பரப்புக்கு ஒரு கொத்து என்பது போதுமான கணக்கு. மேற்சொன்ன தொட்டிக்குப் பன்னிரண்டு கொத்துகள். தொடக்கத்தில் வெறுமையாய்த் தோன்றும். இரண்டு மாதத்தில் தோன்றாது.

வாய்க்காலிலிருந்து கொணர்ந்த செடியானாலும் கடையில் வாங்கியதானாலும், ஒரு வாளித் தண்ணீரில் ஒரு வாரம் தனியே வைத்துக் காண்பது நலம். வேண்டாத களையின் துண்டுகளும், நத்தை முட்டைகளும், தட்டான்பூச்சியின் புழுக்களும் அதற்குள் வெளிப்பட்டுவிடும். சாக்கடை கலக்கும் நீர்நிலைகளிலிருந்து எடுக்க வேண்டாம்.

நட்ட மூன்றாம் வாரத்தில் தண்ணீர் பச்சையாகும். பெரும்பாலானோர் இந்நிலையில் பொறுமை இழந்து, தொட்டியை இறைத்துக் கழுவிப் புதுநீர் நிரப்புகின்றனர். புதுநீரோடு புதிய உப்புகளும் வந்து சேர, மீண்டும் பச்சையாகின்றது; மீண்டும் இறைக்கின்றனர். அவ்வாறு செய்ய வேண்டாம். செடிகள் வேரூன்றி உரச்சத்தை இழுக்கத் தொடங்கியதும், பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதங்களில், தண்ணீர் தானே தெளியும். நூல் பாசி படர்ந்தால் சொரசொரப்பான குச்சியால் சுற்றி எடுத்துவிடலாம். பாசியைக் கொல்லும் மருந்துகளைக் கொட்டுவதோ மிகத் தீது; செத்த பாசி அழுகும்போது எஞ்சியிருக்கும் பிராணவாயுவையும் தின்றுவிடும்.

மீன்களை நான்கு வாரம் கழித்தே விடுக. இத்தொட்டிக்குக் கப்பி மீன்கள் ஒரு பத்து போதும்; அவை தாமே பெருகிக்கொள்ளும், கொசுப்புழுவையும் மிச்சம் வைக்கா. தங்கமீன் விரும்புவோர் ஆறு அல்லது எட்டோடு நிறுத்துக. அவை இளந்தளிரைக் கொறிக்கும். புல்கெண்டையை விட்டால் ஒரு திங்களில் செடி என்ற பேச்சே இராது. ஜிலேபி மீன் மண்ணைக் கிளறிச் சட்டிகளைக் கவிழ்க்கும். கொசு வருமே என்று அஞ்சி வீட்டார் சிலர் குளத்தையே மறுக்கின்றனர். மீன் நீந்தும் தெளிந்த குளத்தில் டெங்குக் கொசுவின் புழு தங்குவதரிது. அதே கொல்லையில் கவிழ்க்காமல் கிடக்கும் பெயிண்ட் டப்பாவையும் பழைய டயரையும் பாருங்கள்.

வேறோர் ஆபத்தைப் பற்றி ஒரு சொல். தவழும் குழந்தைக்கு முழங்காலளவு தண்ணீரும் ஆழமே. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில், நீர்ப்பரப்புக்குச் சற்று மேலே இரும்புக் கம்பிவலை பொருத்தாமல் குளத்தை நிரப்பவே கூடாது. வலைக்கண் வழியே அல்லி இலை மேலே வரும்; செடிக்கு அதனால் இடையூறு இல்லை. இதில் ‘நாங்கள் பார்த்துக்கொள்வோம்’ என்னும் மறுமொழியை நான் ஏற்பதில்லை.

பராமரிப்பு

நீருக்குள் செடி மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி இடம் வரை நிற்கலாம். மிதக்கும் இலைகள் நீர்ப்பரப்பில் பாதியைத் தாண்டலாகாது. அதை மீறினால் அள்ளுக. ஒரே நாளில் அனைத்தையும் பிடுங்கினால் நீர் மீண்டும் பச்சையாகும். வாரத்துக்கு ஒரு மூலை என்று வைத்துக்கொள்ளலாம். அள்ளியதைக் கரையில் சற்று நேரம் போட்டுவைத்தால், அதில் சிக்கிய குஞ்சுகளையும் நத்தைகளையும் பிள்ளைகள் பொறுக்கித் தண்ணீரில் விடுவர். பின் அது கோழிக்கும் வாத்துக்கும் இரையாகலாம், குப்பைக்குழிக்குப் போகலாம், தென்னை மரத்தடியில் மூடாக்காகலாம். வாய்க்காலுக்கோ ஏரிக்கோ மட்டும் போகலாகாது.

விடியற்காலையில் மீன்கள் நீர்ப்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்டால் தாமதியாதீர்கள். தொட்டி நீரையே ஒரு குடத்தில் முகந்து, தோளளவு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றுக. பத்து நிமிடத்தில் மீன் தெளியும். இயலுமாயின் மூன்றில் ஒரு பங்கு நீரை மாற்றுக. அன்றைக்கு இரை போட வேண்டாம். வெயில் ஏறியபின் செடியில் ஒரு பகுதியைக் குறைத்துவிடுக. அடைமழைக் காலத்தில், மாலையில் இரை போடும் வழக்கத்தையும் நிறுத்திவிட வேண்டும். மின்வசதி உள்ளோர் சிறு காற்றுக்குழாயை இரவில் மட்டும் ஓடவிடுவது நல்ல ஏற்பாடு. பலர் பகலில் ஓடவிட்டு இரவில் சத்தம் என்று நிறுத்துகின்றனர்!

பங்குனி பிறக்குமுன் ஆண்டுக்கொரு முறை அடிச் சேற்றைப் பாதியளவு அகற்றலாம். முழுவதும் வழித்தெடுக்க வேண்டாம். ஹைட்ரில்லாவின் கிழங்குகளும் நீரைக் காக்கும் நுண்ணுயிர்களும் அதில்தான் இருக்கின்றன. அவ்வாறு துப்புரவாக்கும் நாளில், பழைய தண்ணீரில் நான்கைந்து குடத்தைத் தனியே எடுத்துவைத்து, புதுநீர் நிரப்பிய பின் மீண்டும் தொட்டியிலேயே ஊற்றிவிடுக. எஞ்சிய பழைய நீர் கத்தரிக்கும் வெண்டைக்கும் மிக நல்லது. அதைச் சாக்கடையில் விட்டுவிடாதீர்கள்.